ஜென்மப் பாவம் என்றால் போன ஜென்மத்துப் பாவமா? மறைக்கல்வி வகுப்பில் வரும் கேள்விகள்

ஞாயிறு வகுப்பு டீச்சர்:

உறுதிபூசுதலுக்குத் தயாராகும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாவம், அருள், மீட்பு பாடம் எடுக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளதை வாசித்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கேள்வி ஆரம்பித்தால்தான் சிக்கல். கேட்பவை இவை.

வீட்டில் பாட்டிமார் சொல்லிக்கொடுத்தபடி ‘ஜென்மப் பாவம்’ என்றால், போன ஜென்மத்தில் செய்ததா என்கிறார்கள். ‘பிறப்புநிலைப் பாவம்’ என்று மாற்றிச் சொன்னால், அப்போ பிறக்கிறதே பாவமா என்கிறார்கள். ஒன்றுமே செய்யாத கைக்குழந்தைக்குப் பாவம் எப்படி வரும்?

அடுத்தது, பாவசங்கீர்த்தனத்தில் (பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதில்) எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்றால் அபராதம் (குரு கொடுக்கும் தவச் செயல்) எதற்கு, உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தபின் தூய்மை பெறும் நிலை) எதற்கு, பரிபூரண பலன் (மன்னிப்புக்குப் பின் எஞ்சும் தண்டனை முழுவதையும் திருச்சபை நீக்குவது) எதற்கு?

சாவான பாவத்தோடு இருக்கிறவர் சாமியார் (குரு) வருவதற்குள் இறந்துபோனால் என்ன ஆகும்?

கடைசியாக, பக்கத்துச் சபைப் பிள்ளைகள் இவர்களிடம் சொல்வது: “நீங்கள் புண்ணியம் சேர்த்து மோட்சம் போகப் பார்க்கிறீர்கள், நாங்கள் கிருபையால் போகிறோம்.”

பிரசங்கம் வேண்டாம். திருச்சபை உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது, எங்கே சொல்லியிருக்கிறது என்று எழுதினால் போதும்.

கோணான்குப்பம்:

டீச்சர், முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

சிக்கலில் பாதி சொல்லில்தான் இருக்கிறது. பழைய மறைக்கல்விப் புத்தகமான ஞானோபதேசம் பாவத்தை ஜென்மப் பாவம், கர்மப் பாவம் என்று இரண்டாகப் பிரிக்கும். ஜென்மம் என்பது அங்கே வெறும் பிறப்பு. கர்மம் என்பது செயல். பிறக்கும்போதே நம்மோடு வருவது ஒன்று, நாமாகச் செய்வது இன்னொன்று. ஆனால் இந்த இரண்டு சொல்லும் அடுத்தடுத்து விழுந்தால் தமிழ்க் காதில் முற்பிறவியும் வினைப்பயனும்தான் கேட்கும். இத்தனைக்கும் மதுரையில் பணியாற்றிய சேசு சபைக் குரு தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி மறுபிறப்பை மறுப்பதற்கென்றே ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று தனி நூல் எழுதினார். ஆகவே கரும்பலகையில் முதலில் எழுத வேண்டியது: ஒரு மனிதருக்கு ஒரே பிறவி, முற்பிறவிக் கணக்கு எதுவும் கிடையாது.

அடுத்து, இது குழந்தை செய்த பாவம் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 404, 405ஆம் எண்களில் இதை நேராகவே சொல்கிறது: பாவம் என்ற சொல் இங்கே ஒப்புமையாகத்தான் பயன்படுகிறது, இது செய்த குற்றம் அல்ல, வந்து சேர்ந்த நிலை. எது இல்லாத நிலை? கடவுள் முதல் மனிதருக்குக் கொடுத்திருந்த புனிதமும், அவரோடு இருந்த உறவும் இல்லாத நிலை. வகுப்பில் இப்படிச் சொல்லலாம்: தாத்தா சூதாடி நிலத்தைத் தோற்றுவிட்டார், பேரன் நிலமில்லாமல் பிறக்கிறான். சூதாடிய குற்றம் பேரன் தலையில் விழாது. ஆனால் நிலம் இல்லை என்பது நிஜம். ‘கடன்’ என்ற உவமையை மட்டும் எடுக்காதீர்கள். கடன் என்றதும் குழந்தை கடனாளியாகவும் கடவுள் வட்டிக்காரராகவும் ஆகிவிடுவார்கள். பிறகு அதை மனதிலிருந்து அழிக்க முடியாது.

நில உவமைக்கும் எல்லை உண்டு. நிலம் ஆளுக்கு வெளியே இருப்பது. இந்த இழப்போ உள்ளேயே வேலை செய்கிறது: அறிவு மங்குகிறது, மனவுறுதி தளர்கிறது, சாவு வருகிறது, தீமையின் பக்கம் ஒரு சாய்வு தங்கிவிடுகிறது. இந்தச் சாய்வை ‘இச்சை நாட்டம்’ என்பார்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ஜென்மப் பாவத்தை முழுவதும் போக்கிவிடும், சாய்வு மட்டும் மிஞ்சும். அந்தச் சாய்வே பாவமா? புரொட்டஸ்டன்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் ஆம் என்றார். அந்தச் சீர்திருத்தத்துக்குப் பதில் சொல்லக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் 1546 ஜூன் 17 அன்று தன் ஐந்தாம் அமர்வில் இல்லை என்றது: அது பாவத்திலிருந்து வந்தது, பாவத்துக்கு இழுப்பது, ஆனால் இணங்காதவரை பாவம் அல்ல. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி மிக முக்கியம். கெட்ட எண்ணம் வந்துபோனதையே பாவமாக நினைத்துத் தவிக்கிற வயது அது.

அதே அமர்வில் இன்னொன்றும் சொல்லப்பட்டது: இந்த நிலை பிறப்பு வழியாகப் பரவுகிறது, பார்த்துப் பழகுவதால் அல்ல. ஆதாம் வெறும் கெட்ட முன்மாதிரி, முயன்றால் மனிதர் தம் சொந்தப் பலத்தில் பாவமில்லாமல் வாழலாம் என்று ஐந்தாம் நூற்றாண்டில் போதித்த துறவி பெலாஜியுஸின் கருத்துக்கு எதிரானது அது. 418இல் கார்த்தேஜ் சங்கமும் 529இல் ஒராஞ்சு சங்கமும் அந்தக் கருத்தை ஏற்கெனவே தள்ளியிருந்தன.

‘பிறக்கிறதே பாவமா’ என்பதற்கு ஒரே பதில்: இல்லை. உடல், திருமணம், கருத்தரிப்பு, பிறப்பு எல்லாம் நல்லவை. சைவ சித்தாந்தம் தெரிந்த வீட்டுப் பிள்ளை இருந்தால் ஆணவ மலத்தோடு ஒப்பிடும். வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள். அங்கே ஆணவம் அநாதி, செம்பில் களிம்பு போல உயிரோடு என்றும் உடனிருப்பது. இங்கே மனித இயல்பு நல்லதாகவே படைக்கப்பட்டது. பாவம் பிறகு, ஒரு தெரிவினால் உள்ளே நுழைந்தது.

அமலோற்பவத்தையும் குழப்பிக்கொள்வார்கள். பலர் அதை இயேசு கன்னியிடம் பிறந்தது என்று நினைக்கிறார்கள். அது மரியா தம் தாயின் வயிற்றில் உருவான முதல் நொடியிலேயே ஜென்மப் பாவம் அணுகாமல் காக்கப்பட்டது பற்றியது. 1854 டிசம்பர் 8இல் ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த விசுவாச சத்தியம். அதுவும் கிறிஸ்துவின் பலன்களை முன்னிட்டுத்தான், அவரும் மீட்கப்பட்டவரே.

திருமுழுக்குக்கு முன் இறந்த குழந்தை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ‘லிம்போ’ (துன்பமும் இல்லாமல், கடவுளைக் காணும் பேறும் இல்லாமல் அக்குழந்தைகள் இருப்பதாகச் சொன்ன நிலை) என்பது இறையியலார் வைத்த விளக்கம், விசுவாச சத்தியமாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. மறைக்கல்வி நூல் 1261ஆம் எண்ணில் அக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007இல் பன்னாட்டு இறையியல் குழு வெளியிட்ட ஆவணமும் அவர்கள் மீட்கப்படுவார்கள் என்று எதிர்நோக்கக் காரணம் உண்டு என்கிறது. உறுதி என்று சொல்லவில்லை, எதிர்நோக்கு என்றே சொல்கிறது. நீங்களும் அந்த அளவிலேயே நிற்கலாம்.

பனங்காடு:

மேலே உள்ளதோடு ஒரு நடைமுறை விஷயம். ஜென்மப் பாவம் பாடத்தோடு அவசரத் திருமுழுக்கையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். சாகும் ஆபத்தில் யாரும் கொடுக்கலாம். செவிலியர், பக்கத்துப் படுக்கைக்காரர், கிறிஸ்தவர் அல்லாதவர்கூட. திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். சாதாரணத் தண்ணீர், தலையில் ஓடும்படி ஊற்ற வேண்டும். ஈர விரலால் தொட்டு வைத்தால் போதாது. ஊற்றும்போதே, ஊற்றுகிறவரே, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொன்னால் செல்லாது.

‘நான்’ என்ற சொல்லையும் மாற்றக் கூடாது. ‘நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்’ என்று சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று 2020இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவாக்கியது. காரணம் இலக்கணம் அல்ல. கொடுப்பவர் கூட்டத்தின் பேரில் பேசவில்லை, கிறிஸ்துவே அவர் வழியாகக் கொடுக்கிறார்.

பிள்ளை பிழைத்தால் பங்கில் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும். விட்டுப்போன சடங்குகளைக் கோவிலில் நிறைவேற்றுவார்கள். தண்ணீர் மறுபடி ஊற்றக் கூடாது.

ஒருசந்தி:

மூன்றாவது கேள்வி. அதற்கு முன் எது சாவான பாவம் என்பது சரியாகப் பதிய வேண்டும். ‘பெரிய பாவம்’ என்று சொல்லி நிறுத்திவிடுவதால்தான் பாதிப் பேர் எல்லாவற்றையும் சாவான பாவமாக்குகிறார்கள், மீதிப் பேர் கொலை செய்யாதவரை கவலையில்லை என்று இருக்கிறார்கள்.

மூன்று நிபந்தனைகள், மறைக்கல்வி நூல் 1857. விஷயம் கனமானதாக இருக்க வேண்டும்; அது கனமானது என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்; முழுச் சம்மதத்தோடு செய்ய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சாவான பாவம் ஆகாது. ஞாயிறு பூசையை வேண்டுமென்றே தவறவிடுவது கனமான விஷயம். காய்ச்சலில் படுத்திருந்தவருக்கும் கைக்குழந்தையை விட்டு வர முடியாத தாய்க்கும் அது பாவமே இல்லை. பயம், வற்புறுத்தல், ஆழமாக வேரூன்றிய பழக்கம், மனநோய் இவை சம்மதத்தைக் குறைக்கும். எவ்வளவு குறைத்தன என்பதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தானே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

சாவான பாவம் உள்ளத்திலிருந்த தேவசிநேகத்தையும் தேவ இஷ்டப்பிரசாதத்தையும், அதாவது இப்போது புனிதமாக்கும் அருள் என்கிறோமே அதையும், அழித்துவிடுகிறது. அற்ப பாவம் காயப்படுத்தும், கொல்லாது. நூறு அற்ப பாவம் சேர்ந்தால் ஒரு சாவான பாவமா என்று கேட்பார்கள். ஆகாது, ஆனால் அதற்கு வழி சமைக்கும். ஒரு விதிவிலக்கு போலத் தோன்றுவது திருட்டு. தராசில் தினமும் இருபது கிராம் அடிக்கிற கடைக்காரர், கொஞ்சம் கொஞ்சமாகப் பெருந்தொகை சேர்க்கும் எண்ணத்தோடு செய்தால் மொத்தமும் ஒரே கனமான விஷயம் என்பது அறநெறி இறையியலில் பழைய பாடம். அவர் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். ஆள் தெரியாவிட்டால் ஏழைகளுக்கு.

இனி மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கு மனம் வருந்துதல். இரண்டு வகை. நரகத்துக்குப் பயந்தோ பாவத்தின் அசிங்கத்தைக் கண்டோ வருவது குறைவான மனஸ்தாபம். அது கெட்டது அல்ல, அதுவும் தூய ஆவியின் தூண்டுதல்தான். ஆனால் தனியாக நின்று சாவான பாவத்தைப் போக்காது. பாவசங்கீர்த்தனத்தோடு சேர்ந்தால் போக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளை நேசிப்பதால் வருவது உத்தம மனஸ்தாபம். வாய்ப்புக் கிடைத்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியும் அதில் இருந்தால் அந்த நொடியே சாவான பாவமும் மன்னிக்கப்படும் (மறைக்கல்வி நூல் 1452). 1551இல் திரெந்து சங்கத்தின் பதினான்காம் அமர்வு சொன்னதும் இதுவே. கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 20 அன்று, வத்திக்கானின் திருத்தூதரக மன்னிப்பு நீதிமன்றம் இதை எல்லாருக்கும் நினைவுபடுத்தியது.

ஆக, சாமியார் வருமுன் இறந்தவர் கதி? கடைசி நொடியில் அவர் உள்ளத்தில் நடந்ததை நாம் அறியோம். வழி திறந்தே இருந்தது என்பது வரைக்கும்தான் சொல்லலாம். நம் பாட்டிகள் இரவு படுக்குமுன் சொன்ன உத்தம மனஸ்தாப மந்திரம் சும்மா வைத்ததல்ல. கவனித்துப் பாருங்கள், அது நரகத்தைச் சொல்லித் தொடங்காது. கடவுள் அளவில்லாத நன்மையானவர், அவரை நேசிக்கிறேன், அவருக்குப் பொருந்தாததைச் செய்தேனே என்றுதான் தொடங்கும். பெயரிலேயே ‘உத்தம’ என்று இருப்பது அதனால்தான்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. உத்தம மனஸ்தாபப்பட்டுவிட்டேன் என்று சொல்லி நேரே நன்மை (நற்கருணை) வாங்கப் போவது ஒன்று. சாவான பாவம் இருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம். கனமான காரணமும் இருந்து, பாவசங்கீர்த்தனத்துக்கு வழியும் இல்லாதபோது மட்டுமே விலக்கு (திருச்சபைச் சட்டம் 916). மற்றது, ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பழைய பெயர் செய்த கேடு. மூச்சு இழுக்கும்போதுதான் சாமியாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டார் காத்திருக்கிறார்கள். அது நோயில் பூசுதல். கடும் நோய் என்றதும், பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பே, நினைவு தெளிவாக இருக்கும்போதே கூப்பிடலாம். பேச முடியாத நோயாளி மனஸ்தாபத்தோடு இருந்தால் அவர் பாவங்களும் அதில் மன்னிக்கப்படும்.

ஞாயிறு வகுப்பு டீச்சர்:

நன்றி ஐயா. இரண்டு சந்தேகம். அழுகை வரவில்லை, அப்படியானால் மனஸ்தாபம் இல்லையா என்று ஒரு பிள்ளை. எத்தனை முறை என்று சொல்ல வேண்டும் என்கிறார்களே, அதை யார் எண்ணி வைத்திருப்பார்கள் என்று இன்னொரு பிள்ளை. மறந்துபோன பாவம், மறைத்த பாவம் இரண்டுக்கும் வித்தியாசமும் சொல்லுங்கள்.

ஒருசந்தி:

மனஸ்தாபம் மனதின் முடிவு, கண்ணீர் அதற்கு அடையாளமாக வரலாம், வராமலும் இருக்கலாம். செய்ததை வெறுக்கிறேன், இனிச் செய்ய மாட்டேன் என்ற தீர்மானம் இருந்தால் இருக்கிறது. மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற பயம் தீர்மானத்தைக் கெடுக்காது. மறுபடி செய்யத் திட்டம் இருந்தால்தான் கெடும்.

எண்ணிக்கை: சாவான பாவங்களுக்கு மட்டும் வகையும் தொகையும் சொல்ல வேண்டும் (சட்டம் 988). சரியாகத் தெரியாவிட்டால் ‘ஒரு வருடமாக, மாதம் இரண்டு முறை போல’ என்றால் போதும். கதை வேண்டாம், மற்றவர் பெயரும் வேண்டாம்.

மறந்தது மற்றவற்றோடு மன்னிக்கப்பட்டுவிட்டது. நினைவு வந்தால் அடுத்த முறை சொல்லுங்கள், இடையில் நன்மை வாங்கத் தடையில்லை. தெரிந்தே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது, சொன்ன மற்றவையும் மன்னிக்கப்படவில்லை, மறைத்தது புதிதாக ஒரு தேவதுரோகம். சரிசெய்ய வழி எளிது: “இன்ன காலத்தில் ஒன்றை மறைத்தேன்” என்று தொடங்கி, அதையும், அன்று முதல் உள்ள சாவான பாவங்களையும் சொல்ல வேண்டும். தொடங்குவதுதான் கஷ்டம், முதல் வாக்கியத்துக்குப் பிறகு சாமியாரே கேட்டு நடத்திவிடுவார்.

மணிக்கூண்டு:

இரண்டாவது கேள்வி என் பங்கு. இங்கேயும் சொல்தான் எதிரி. ‘அபராதம்’ என்றால் இன்று போக்குவரத்துக் காவலர் போடுவது. மன்னிப்புக்கு விலை கட்டுவது போலப் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். பாவமன்னிப்பு இலவசம். அபராதம் அதன் விலை அல்ல, அதன் பின் தொடங்கும் சிகிச்சை. அதனால்தான் பாவமன்னிப்பு முதலில் கிடைக்கிறது, அபராதத்தைப் பிறகு செய்கிறோம். செய்ய மறந்துவிட்டால் மன்னிப்பு ரத்தாகாது, நினைவு வந்ததும் செய்ய வேண்டும்.

பாவத்துக்கு இரண்டு விளைவு என்கிறது மறைக்கல்வி நூல் (1472). சாவான பாவம் கடவுளோடுள்ள உறவை வெட்டுகிறது; அதனால் வருவது நித்திய தண்டனை. எந்தப் பாவமும், அற்பமானதுகூட, படைக்கப்பட்டவற்றின் மேல் ஒரு பற்றை உள்ளே விட்டுப்போகிறது. அதைச் சுத்தம் செய்ய வேண்டியிருப்பதே அநித்திய தண்டனை, அதாவது ஒரு காலத்துக்கு மட்டுமானது. இரண்டையும் கடவுள் வெளியிலிருந்து எடுக்கும் பழிவாங்கலாக நினைக்கக் கூடாது, பாவத்தின் தன்மையிலிருந்தே வருபவை என்று அதே எண் எச்சரிக்கிறது. குடித்துக் குடும்பத்தை அழித்தவர் மனம் திரும்பிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். மன்னிப்பு முழுமையானது. கெட்ட கல்லீரலும் அடகுக்கடையில் கிடக்கும் தாலியும் மாலை ஆறு மணிக்குக் கை நடுங்குவதும் அன்றே போவதில்லை. தாவீதிடம் நாத்தான் சொன்னதையும் பாருங்கள் (2 சாமுவேல் 12): ஆண்டவர் உன் பாவத்தை நீக்கிவிட்டார் என்ற வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்திலேயே விளைவும் வருகிறது.

இந்தச் சுத்திகரிப்பு இம்மையில் முடியாமல், ஆனால் அருள் நிலையில் இறந்தவருக்கு உத்தரிக்கிற ஸ்தலம். அங்கே இருப்பவர் மீட்கப்பட்டவர். தேர்வில் தேறுவாரா என்று காத்திருப்பவர் அல்ல. ‘இன்னொரு வாய்ப்பு’ என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். இருவரில் ஒருவர் கட்டாயம் இப்படிச் சொல்வார்.

பலன் என்பது இந்த அநித்திய தண்டனையை மட்டும் திருச்சபை நீக்குவதோ குறைப்பதோ. பாவத்தைப் பலன் மன்னிக்காது, இனிச் செய்யப்போகும் பாவத்துக்கு முன்பணமும் அல்ல. 1517இல் ஜெர்மனியில் காணிக்கை வாங்கிப் பலன் வழங்கிய தெட்செல் என்ற துறவியின் காலத்து விவகாரம் இந்த எல்லை மீறப்பட்டதால் வெடித்தது. திரெந்து சங்கம் 1562இல் பலன் பேரில் காணிக்கை திரட்டும் பதவியையே ஒழித்தது. பழைய செபப் புத்தகங்களில் செபத்தின் அடியில் ‘300 நாள் பலன்’ என்று அச்சிட்டிருப்பதைப் பலர் உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் தள்ளுபடி என்று நினைத்தார்கள். அது ஆதித் திருச்சபையில் வெளிப்படையாகச் செய்த 300 நாள் தவத்துக்கு ஈடு என்ற பொருளில் வந்த கணக்கு. ஆறாம் பவுல் 1967 ஜனவரி 1இல் அந்த நாள் கணக்கையே எடுத்துவிட்டார். இப்போது பரிபூரண பலன், குறைபலன் என்ற இரண்டே.

பரிபூரண பலனுக்கு வேண்டியது: குறிக்கப்பட்ட செயல், பாவசங்கீர்த்தனம், நன்மை வாங்குதல், திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் (ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மரியேயும் போதும்). இவற்றோடு, அற்ப பாவம் உட்பட எந்தப் பாவத்தின் மேலும் பற்றில்லாத மனம். கடைசியில் சொன்னதுதான் கடினம். அது குறைந்தால் கிடைப்பது குறைபலன். பாவசங்கீர்த்தனம் செயலுக்கு முன்போ பின்போ ஏறத்தாழ 20 நாளுக்குள் இருக்கலாம், ஒரு பாவசங்கீர்த்தனம் பல பலன்களுக்குப் போதும். நன்மை ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனி, அதையும் செபத்தையும் அதே நாளில் செய்வது நல்லது. ஒரு நாளைக்கு ஒரு பரிபூரண பலன்தான், சாகும் தறுவாயில் மட்டும் விலக்கு.

செயல்கள் எளியவை: நற்கருணை முன் அரை மணி நேர ஆராதனை, அரை மணி நேரம் மறைநூல் வாசிப்பு, சிலுவைப்பாதை, கோவிலிலோ குடும்பமாகவோ செபமாலை. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தோருக்காகச் செபிப்பது இறந்தோருக்கே உரிய பலன். மற்றப் பலன்களைத் தனக்காகவோ இறந்தவருக்காகவோ ஒப்புக்கொடுக்கலாம். உயிரோடிருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அவரே மனம் திரும்ப வேண்டும்.

வடக்குத்தெரு:

கோணான்குப்பம் ஐயாவின் நில உவமையில் எனக்கு ஒரு குறை. அருளை அது இழந்த சொத்தைத் திருப்பித் தருவதாக மட்டும் காட்டிவிடும். அருள் அதைவிடப் பெரிது: நிலமில்லாத பையனுக்கு நிலம் கொடுப்பதோடு நிற்காமல் அவனைப் பிள்ளையாகவே எடுத்துக்கொள்வது. பழைய மங்கள வார்த்தை செபத்தில் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியே’ என்று இருந்தது. பிரியத்தால் தத்தம் செய்யப்பட்டது, அதுதான் அருள். தத்து எடுப்பது என்கிறோமே, அதுவும் இந்தத் ‘தத்தம்’தான். ஒரே வேரில் இரண்டு கருத்தும் அடங்கிய இப்படி ஒரு சொல்லை ஏன் கைவிட்டோம் என்று தெரியவில்லை.

நான்காம் கேள்விக்கு வருகிறேன். பக்கத்துச் சபைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய முதல் வரி: நாங்களும் அருளால்தான் மீட்கப்படுகிறோம். 1547 ஜனவரி 13இல் முடிந்த திரெந்து ஆறாம் அமர்வின் தீர்மானத்தில் 16 அதிகாரம், 33 விதி. அதன் முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் செயல்களால் ஒருவர் நீதிமான் ஆகலாம் என்பவரைத் தள்ளுகிறது. எட்டாம் அதிகாரம் இன்னும் தெளிவு: நீதிமானாவதற்கு முன் நாம் செய்யும் எதுவும், விசுவாசமோ செயலோ, அந்த அருளைச் சம்பாதிக்காது. மனம் திரும்ப வேண்டும் என்ற முதல் எண்ணமே கடவுள் முந்திக்கொண்டு தருவது (ஐந்தாம் அதிகாரம்). அந்த அழைப்புக்கு மனிதர் இணங்கலாம், உதறவும் செய்யலாம். இணங்குவதும் அருள் தாங்கிய இணக்கமே.

பிறகு ‘புண்ணியம்’ எங்கே வருகிறது? அதுவும் தமிழில் வம்பான சொல். புண்ணியக் கணக்கு, பாவக் கணக்கு, கழித்தால் மிச்சம் என்ற படம் வந்துவிடும். திருச்சபை பேசுவது பேறுபலன். அருள் நிலையில் இருக்கும் பிள்ளை தந்தையின் வீட்டில் தந்தையின் பலத்தால் செய்யும் நன்மைக்குத் தந்தையே வாக்களித்த பரிசு. நம் பேறுபலன்களுக்கு முடிசூட்டும்போது கடவுள் தம் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்பது அகுஸ்தினாரின் கருத்து, திருப்பலியில் புனிதர்களின் தொடக்கவுரையில் இன்றும் இருக்கிறது. ஒருசந்தி குறிப்பிட்ட மனஸ்தாப மந்திரமும் நம் பலன் போதாது என்று ஒப்புக்கொண்டு, இயேசு சிந்திய இரத்தத்தின் பலனை நம்பித்தான் மன்னிப்புக் கேட்கிறது. பாட்டிகளின் செபம் புண்ணியக் கணக்கு போடவில்லை.

வித்தியாசமே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள், அது பொய். 1999 அக்டோபர் 31இல் அவுக்ஸ்புர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியால் அல்ல, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் உள்ள விசுவாசத்தால், அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பது பொது அறிக்கை. மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு 2017இலும் இணைந்தன. பெந்தெகொஸ்தே சபைகள் இதில் இல்லை. ஆகவே ‘உங்கள் சபையே ஒத்துக்கொண்டது’ என்று வாதம் செய்யப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். மிஞ்சிய வித்தியாசம்: நீதிமானாக எண்ணப்படுவதோடு உள்ளுக்குள் நீதிமானாகவே ஆக்கப்படுகிறோம் என்கிறது திரெந்து, அந்த அருளைச் சாவான பாவத்தால் இழக்கலாம், பாவசங்கீர்த்தனத்தால் திரும்பப் பெறலாம் என்கிறது. ஒருமுறை மீட்கப்பட்டால் என்றும் மீட்பு என்பவர்களோடு நாம் பிரியும் இடம் இதுதான்.

“நீ மீட்கப்பட்டாயா?” என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் சொல்லிக்கொடுங்கள். 1431இல் ரூவான் நகரில் ஜோன் ஆஃப் ஆர்க்கைச் சிக்கவைக்க, நீ அருள் நிலையில் இருக்கிறாயா என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஆம் என்றால் அகந்தை, இல்லை என்றால் ஒப்புதல் வாக்குமூலம். இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக, இருந்தால் அதில் காப்பாராக என்றாள். எழுத்து வாசனை அறியாத பத்தொன்பது வயதுப் பெண். மறைக்கல்வி நூல் 2005ஆம் எண்ணில் இதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பழைய நூல்களில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம். 1995 விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. பழைய ‘நம்பிக்கை’ வேறு, புதிய ‘நம்பிக்கை’ வேறு. ‘நம்பிக்கையால் மீட்பு’ என்று ஒருவர் பேச இன்னொருவர் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருப்பார். பாடத்தின் தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள்.

ஞாயிறு வகுப்பு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இன்னொரு கேள்வி வந்தது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தாத்தா பாட்டி திருமுழுக்குப் பெறாமல் இறந்தவர்கள். அவர்கள் நரகத்திலா என்று கேட்டாள் ஒரு பெண். அமைதியாகத்தான் கேட்டாள்.

கோணான்குப்பம்:

இல்லை என்று அடித்துச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை, ஆம் என்று சொல்லும் உரிமை அறவே இல்லை. ‘திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை’ என்ற வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துப் போதித்த அமெரிக்கக் குரு லெனார்டு ஃபீனியைத்தான் ரோமை திருத்தியது. 1949இல் அதற்கென்றே கடிதம் போனது. கீழ்ப்படிய மறுத்து ரோமுக்கு வராததால் 1953இல் அவர் சபைநீக்கம் செய்யப்பட்டார், 1972இல் மீண்டும் ஏற்கப்பட்டார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தின் 16ஆம் எண்ணில் சொன்னது இது: தம் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சாட்சி காட்டிய வழியில் நடக்க முயன்றால், அவர்களும் நிலைவாழ்வு அடைய முடியும். அவர்களை மீட்பவரும் கிறிஸ்துவே, அவருடைய அருளே.

அந்தப் பெண்ணிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 பூசையில், அவர்களுக்காக ஒப்புக்கொடுக்கும்படி தாத்தா பாட்டி பெயரைக் கருத்தாகக் கொடுக்கலாம். திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டும் என்று அதற்கு ஒரு விதியும் இல்லை.